ஜப்பானில் இருபக்க பிளேடு, ஷேவிங் சோப்பு எங்கே கிடைக்கும்?

கேள்வி:
வேலைக்காக ஒசாகா வந்திருக்கிறேன். எனக்கு ஒற்றை பிளேடு போடும் பழைய ரேஸர்தான் ஒத்துவரும். மூன்று, நான்கு பிளேடு கார்ட்ரிட்ஜ் பட்டால் கழுத்தெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிளேடு தீரப்போகிறது. பக்கத்து மருந்துக்கடையில் கார்ட்ரிட்ஜும் நுரை டப்பாவும்தான் தெரிகின்றன. பிளேடு, சோப்பு, பிரஷ், படிகாரம் இதெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்?

பதில் 1:
பிளேடுக்குக் கவலையே வேண்டாம். கிஃபு மாநிலத்தில் உள்ள செகி, வாள் செய்வதில் பேர்போன ஊர். இருபக்க பிளேடு செய்யும் ஃபெதர் நிறுவனம் 1932-இல் அங்கேதான் தொடங்கியது. அதே மருந்துக்கடையில் கார்ட்ரிட்ஜ் அலமாரியின் அடித்தட்டைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் 'ரியோபா நோ கயேபா' (இருபக்க மாற்று பிளேடு) என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஃபெதர் பிளேடு ரொம்பக் கூர்மை. அழுத்தவே கூடாது, ரேஸரின் எடையே போதும். முதல் சில நாள் முடி வளரும் திசையில் மட்டும் இழுங்கள்.

பதில் 2:
சோப்புதான் சிரமம். இங்கே பலரும் மின்சார ஷேவர், இல்லாவிட்டால் நுரை டப்பா. அதனால் சின்ன கடைகளில் சோப்பு தேடி அலைய வேண்டாம். ஹேண்ட்ஸ் (முன்பு டோக்கியு ஹேண்ட்ஸ்), லாஃப்ட் மாதிரிப் பெரிய கடைகளில் ஆண்களுக்கான பகுதியைப் பாருங்கள். பிரஷ்ஷும் அங்கேயே பார்க்கலாம். ஹிரோஷிமா மாநிலத்துக் குமானோவில் செய்யும் பிரஷ் அருமையாக இருக்கும், விலைதான் கூடுதல்.

படிகாரத்தை மருந்துக்கடையில் தேடாதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் ஊறுகாய்ச் சாமான் இருக்கும் பக்கம் போங்கள். கத்தரிக்காய் ஊறுகாயின் ஊதா நிறம் மங்காமலிருக்க 'யாக்கி மியோபான்' என்று ஒரு பொடி போடுவார்கள். அது நம் படிகாரத்தைச் சுட்டுப் பொடித்ததுதான். தண்ணீரில் போட்டதும் அடியில் வெள்ளையாகத் தங்கும், கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். பாட்டிலில் ஊற்றி ஓரிரு நாள் விட்டால் தெளிந்துவிடும். அப்புறம் ஷேவ் செய்த முகத்தில் தொட்டு ஒற்றிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, அடித்தட்டிலேயே பிளேடு கிடைத்துவிட்டது! பழைய பிளேடை எந்தக் குப்பையில் போடுவது?

பதில் 1:
அது ஊருக்கு ஊர் மாறும், உங்கள் வார்டு அலுவலகத்தின் குப்பை அட்டவணையைப் பாருங்கள். எதில் போட்டாலும் தடித்த தாளில் சுற்றி, ஆபத்து என்பதற்கு 'கிகென்' என்று மேலே எழுதிவிடுங்கள். குப்பை எடுப்பவர் கையைக் கிழிக்கக் கூடாது, பாருங்கள். அப்புறம், ஊருக்கு வரும்போது பிளேடைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.