பற்றரிக் கடை இருந்த காணியில கங்குன் கீரை போடலாமோ?

வெல்லம்பிட்டியான்:
வீட்டுக்குப் பின்னால நாலு பேர்ச் காணி. முந்தி பற்றரி திருத்தின இடம். மண்ணைக் குடுத்துப் பார்த்தன்: ஈயம் கிலோவுக்கு 340 மில்லிகிராம், பிஎச் 5.1, புளிச்ச மண். சுண்ணாம்பும் கூட்டெருவும் போட்டாச் சரி எண்டு பசளைக் கடையில சொல்லிச்சினம். கங்குன் போடலாமோ?

உமிக்கரி:
போடலாம் தம்பி. புளிச்ச மண்ணிலதான் ஈயமும், கட்மியம் மாதிரி மற்ற நச்சு உலோகமும் கரைஞ்சு வேருக்கு ஏறும். டொலமைற்றுச் சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 6.5க்குக் கொண்டந்தா அது நல்லாக் குறையும். மிச்சத்தைக் கூட்டெரு பிடிச்சு வைக்கும். 340 தானே, 400க்குள்ள நிக்குது.

மழைத்தண்ணி:
அண்ணா, 400 பழைய கணக்கு. வீட்டு வளவு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் வைச்சது, 2024 தையில 200 ஆக்கிட்டினம். சுண்ணாம்பு போட்டாலும் ஈயம் அதே 340 தான். கள்ளனை அறைக்குள்ள விட்டுப் பூட்டுறம், அவ்வளவுதான். கொழும்பு மழை சுண்ணாம்பைக் கழுவ, மண் திரும்பப் புளிக்கும். பூட்டும் கழரும்.

உமிக்கரி:
பிஎச் பார்த்துப் பார்த்துத் திரும்பப் போடுறது. மண்ணை அள்ளினா எங்க கொட்டுறது? 2017 வருசப்பிறப்பண்டு சரிஞ்ச மீதொட்டமுல்லைக் குப்பை மேட்டிலயோ? எப்பாவலயில தோண்டுற கல்லுப் பசளை, அந்தப் பொசுபேற்றும் சேருங்கோ, ஈயம் கரையாத உப்பாக் கட்டிப்போகும்.

மழைத்தண்ணி:
எப்பாவலக் கல் கரையிறதுக்கே புளிச்ச மண் வேணும். நீங்கள் டொலமைற்றால புளிப்பை எடுத்துப்போட்டு அதைப் போடச் சொல்றியள்!

கீரைக்காரி:
பொசுபேற்றுக்கு முதல் ஆசனிக்கு எண்ட நஞ்சு மண்ணில இருக்கோ எண்டு பாருங்கோ. பற்றரித் தகட்டு ஈயத்தில அதையும் கலக்கிறவை. மண் துணிக்கையில ஆசனிக்கும் பொசுபேற்றும் ஒரே இடத்துக்கு அடிபடுறதுகள், பொசுபேற்று வந்து குந்தினா ஆசனிக்கு எழும்பி வெளிய வரும். கலப்புக் குப்பையில செய்த கூட்டெருவும் வேண்டாம், அதோடயே ஈயம் வரும்.

இன்னொண்டு. போன கிழமை வாங்கின கங்குன் கட்டை மூண்டு தண்ணியில அலசினன். மூண்டாம் தண்ணியிலயும் சட்டி அடியில கறுப்பு மண்டி. இலையோட வாற ஈயத்தில கனக்க, மேல ஒட்டின மண்ணிலதான் இருக்கும். அதுக்குச் சுண்ணாம்பு என்ன செய்யும்?

உமிக்கரி:
அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை தங்கச்சி. அப்ப கங்குனை விட்டுட்டுப் பந்தலில பயித்தங்காய் போடட்டும். காய்க்கு ஈயம் ஏறுறது குறைவு, மண்ணும் தெறிக்காது. ஆனா டொலமைற்று போடத்தான் வேணும், அதில நான் மாறமாட்டன்.

வெல்லம்பிட்டியான்:
மூண்டு வயசு மகள் அந்த மண்ணிலதான் சிரட்டையில சோறு காய்ச்சி விளையாடுறா. அது பிரச்சினையோ?

மழைத்தண்ணி:
அதை முதல் சொல்லியிருக்க வேணும் தம்பி! பிள்ளையளுக்கு ஈயம் கீரையை விட, கையும் மண்ணுமா வாய்க்குள்ள போறதுதான் கூட. இண்டைக்கே பிள்ளையை அங்கால விடாதேங்கோ. மண் தெரியாமத் தும்புத்தூளோ புல்லோ போட்டு மூடுங்கோ. டொக்டரிட்டக் காட்டி இரத்தத்தில ஈயமும் பாருங்கோ.

உமிக்கரி:
இதில சண்டை இல்லை. தும்புத்தூள் என்னட்ட ரெண்டு மூட்டை கிடக்கு, வந்து எடு.