கூம்பு நத்தையா, எறியுளி நத்தையா?

நண்பர்களே, மாணவர்களைப் பாம்பன் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘கோன் ஸ்னெய்ல்’ என்ற கடல் நத்தைக்குத் தமிழில் என்ன பெயர் போடலாம்? ஓட்டில் வலை பின்னியதுபோல் கோலம். பார்த்ததும் எடுக்கத் தோன்றும். உயிரோடு இருந்தால் தும்பிக்கை மாதிரிக் குழாயை நீட்டிக் குத்திவிடும். முறிமருந்து கிடையாது. ‘கூம்பு நத்தை’ சரியா?

---

கூம்பு நல்ல சொல். கணக்குப் புத்தகம்தான் அதை ஒரு வடிவத்துக்குச் சுருக்கிவிட்டது. சங்கத் தமிழில் அது பாய்மரம்: ‘கூம்பொடு மீப்பாய் களையாது’ (புறநானூறு 30). தாமரை கூம்பும் என்கிறோமே, அதையும் பாருங்கள். ‘கோன்’ என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கரின் ‘கோனோஸ்’ இங்கிருந்து போனது என்பதே என் துணிபு.

---

> என் துணிபு

ஐயா, கோனோஸ் அவர்களுக்குப் பைன் மரத்துக் காய். அதை இங்கேயே விடுவோம். என் சிக்கல் ‘நத்தை’. பிள்ளைகளுக்கு அது மழைக்காலத்தில் சுவரில் ஊர்வது, பயமே வராது. இதன் பல் உள்ளீடற்ற ஈட்டி, முனையில் கொக்கி. ஒரு பல் ஒரு குத்துக்குத்தான். அடுத்தது பையில் தயாராக இருக்கும். பரதவர் பெருமீனுக்கு எறிந்ததற்கு அகநானூற்றிலேயே பெயர் உண்டு: ‘எறியுளி பொருத ஏமுறு பெருமீன்’. எறியுளி நத்தை என்போமே!

---

அம்மா, ஆறாம் வகுப்புப் பிள்ளை உளி என்றதும் தச்சரைத் தேடும். ‘விஷச் சங்கு’ என்று போடுங்கள், கை தானே பின்வாங்கும்.

---

விஷம் வடசொல். ‘நச்சுச் சங்கு’ என்றாலும் முழுக்கச் சரியில்லை. எல்லாமே ஆட்கொல்லி இல்லை, பெரும்பாலானவை புழு தின்பவை. ஆளைக் கொன்றதில் பெரும்பங்கு மீன் தின்னும் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனத்துக்குத்தான். கோனஸ் மேகஸ் என்ற இன்னோர் இனத்தின் நஞ்சைப் பார்த்துச் செய்த ஜிகோனோடைடு 2004இல் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதி பெற்றது. அப்புறம் ஒன்று: ‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ என்கிறார் தொல்காப்பியர்; நந்து என்றால் நத்தை, ஈரறிவு என்றால் தொடுதலும் சுவையும். இதுவோ இரையை மோப்பம் பிடித்து வருகிறது. மூக்கறிவும் சேர்ந்தால் எறும்போடு மூவறிவில் அல்லவா வைக்கவேண்டும்?

---

தொல்காப்பியரைத் திருத்த எனக்கு நேரமில்லை. கையேடு போய்விட்டது. நாலு பேர் சரி என்ற ‘கூம்பு நத்தை’யே நின்றது, பக்கத்தில் படம், கீழே சிவப்பில் ‘அழகாக இருக்கும், எடுக்காதே’. பல்லுக்கு மட்டும் ‘எறியுளிப் பல்’ என்று வைத்துக்கொண்டேன்.

---

> எறியுளிப் பல்

பல்லுக்குப் புரிகிற சொல் நத்தைக்கு வந்தால் மட்டும் தச்சரிடம் போய்விடுமா? அடுத்த பதிப்புக்கு முன்னால் மறுபடி கேட்பேன்.