பிறைமருக்குத் தமிழ்: தொடக்கியா, கால்கோளா?

கிளிநொச்சி, செய்முறை ஆசிரியை:
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிற செய்முறைத்தாளில் ஒரு சொல் இடிக்குது. பரம்பரையலகுத் தொடரில் பிறைமர் (டீஎன்ஏ படியெடுப்பு தொடங்க இடும் சிறு இழைத்துண்டு) எங்கே பொருந்துகிறது என்று பார்க்க, ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருள் எங்களுக்குக் கட்டுபடியாகாது. யூஜீன் என்ற மென்பொருள் இலவசம், ஒருமுறை இறக்கி வைத்தால் இணையமும் தேவையில்லை. ஜென்பாங்க் தரவுத்தளத்தின் தொடர்க் கோப்பைத் திறந்து, பீசீஆர் (டீஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறை) பகுதியில் முற்பக்க, பிற்பக்கப் பிறைமர் இரண்டையும் இட்டால் பொருந்தும் இடமும் விளைபொருளின் நீளமும் வரும். ஆனால் பிறைமர் என்றால் பிள்ளைகளுக்கு ஹாட்வெயார் கடைப் பூச்சுத்தான் நினைவு. "தொடக்கி" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ரீச்சர், தொடக்கி வைப்பவர் தொடக்கிவிட்டு விலகிவிடுவார். இதுவோ விளைபொருளுக்குள்ளேயே நிற்கிறது. "கால்கோள்" என்று போடுங்கோ. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் துறைகளில் காட்சிக்கு அடுத்தது கால்கோள்; சிலம்பின் வஞ்சிக் காண்டத்திலும் கால்கோட் காதை உண்டு. கோள், கொள் என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பந்தற்கால் ஊன்றின பிறகுதானே பந்தல்!

வவுனியா, ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்:
ஐயா, பொருள் நன்றாகவே பொருந்துது. படியெடுக்கும் நொதியமான பொலிமரேசு வெறும் இழையில் தானாகத் தொடங்காது. ஊன்றின துண்டின் 3′ முனையில்தான் நீட்டும். ஆனால் பிள்ளைகள் காதால் கேட்டுக் "கால்கோல்" என்று எழுதுவினம், அளவுகோலாகிவிடும்.

ரீச்சர், சொல்லுக்கு முதல், தாளில் இரண்டு திருத்தம். பிற்பக்கப் பிறைமரைச் சாதாரணத் தேடலில் அப்படியே தட்டினால் அகப்படாது. எதிர்த்துணையாக்கி (ஏக்கு ரி, ஜிக்கு சி, மறுதலையும் அப்படியே) பின்னிருந்து முன்னாகத் திருப்ப வேண்டும்: ஏஜிஜிரி என்றிருந்தால் ஏசிசிரி என்று தேட வேண்டும். மற்றது, பற்றீரியாவின் 16எஸ் பரம்பரையலகுக்கான 27எஃப் என்ற முற்பக்கப் பிறைமரில் "எம்" என்றோர் எழுத்து வரும். அது ஏ அல்லது சி. கருவி அதை எழுத்தாகவே தேடினால் ஒன்றும் காட்டாது, பிள்ளை கோப்புப் பிழை என்று நினைக்கும். இரண்டாகப் பிரித்துத் தேடச் சொல்லுங்கோ. அதன் பிற்பக்கச் சோடியான 1492ஆரில் "வை" வரும்; அது சி அல்லது ரி. இரண்டும் சரியாக விழுந்தால் விளைபொருள் ஏறக்குறைய 1500 காரச்சோடி (எதிரெதிரே இணைந்த இரண்டு எழுத்து ஒரு சோடி) நீளம். 300 என்று வந்தால் தவறான இடத்தில் பொருந்தியிருக்கு.

மன்னார், மென்பொருள் தமிழாக்குநர்:
"பிற்பக்கக் கால்கோள்" பொத்தானுக்குள் அடங்காது, பாதியில் வெட்டுப்படும். பிள்ளை இணையத்தில் தேடப்போவதும் பிறைமர் என்றுதான். அதையே விடுவம்.

முள்ளியவளை:
தம்பி, பிறை வேறு, மர் வேறு என்று பிரித்துப் படிக்கிற கண்ணுக்கு அது என்ன சொல்லும்? நாலு எழுத்தைப் பொத்தான் கொள்ளாதென்றால் பொத்தானை நீட்டுங்கோ.

கிளிநொச்சி:
மூன்று பேர் தொடக்கிக்கு இசைவு என்று தனிமடலில் எழுதியிருக்கினம். முதலிடத்தில் "பிறைமர் எனும் தொடக்கி", பிறகு தொடக்கி மட்டும். எதிர்த்துணைப் பந்தியும் "எம்", "வை" எழுத்துகளும் சேர்த்தாயிற்று. ஐயா, கால்கோளை அடிக்குறிப்பில் விட்டிருக்கிறேன்.

முள்ளியவளை:
அடுத்த பக்கத்திலேயே "தொடக்கக் கோடோன்" (புரத ஆக்கம் தொடங்கும் மூன்றெழுத்து) வருகுது, ரீச்சர். தொடக்கி அதிலிருந்து தொடங்குகிறது என்று எழுதி வைக்கிற பிள்ளைக்கு என்ன புள்ளி போடுவீர்கள்?