"உரி" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை வெங்காயம்?

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா:

மகனுக்கு நாலே முக்கால் வயது. இரண்டு வயதில் அவனிடம் பத்துச் சொல்கூட இல்லை. "ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசுவான், உன் மாமனாரே அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தார்" என்றார்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தோம்; சரியாக இருந்தது. ஆட்டிசமும் இல்லை. மொழி வளர்ச்சிக் குறைபாடு என்றார் டாக்டர்; அதாவது வேறு காரணம் தெரியாமலே சொற்களைக் கற்பதும் பேசுவதும் கஷ்டமாக இருப்பது. 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 7 பேருக்கு இருக்குமாம். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நான் செய்த முதல் வேலை, பழம், காய், மிருகம் என்று அட்டை அட்டையாக வாங்கியது. "இது என்ன? சொல்லு." அவன் அட்டையைப் பார்க்க மாட்டான், என் முகத்தைத்தான் பார்ப்பான். ஒரு வாரத்தில் 40 அட்டை காட்டியதில் மிஞ்சியது வாழைப்பழம் மட்டும். அதுவும் முன்பே தெரிந்த சொல்.

தெரபிஸ்ட் மேடம் அட்டைகளைப் பரண் மேல் போடச் சொன்னார். வாரத்துக்கு நாலே சொல், அதில் இரண்டு வினைச்சொல்லாக இருக்க வேண்டும், கேள்வி கேட்கவே கூடாது. நாங்கள் எடுத்த ஒன்று "உரி". சாம்பாருக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, வேகவைத்த கடலை, முட்டை, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "உரி, உரி, உரிச்சாச்சு" என்றேன். காலண்டர் தாளில் கோடு போட்டு எண்ணினேன். மூன்றாவது வாரம் வாழைப்பழத்தை நீட்டி "உரி" என்றான். மறுநாள் வேர்த்து ஒட்டிய சட்டையோடு வந்து, "அம்மா, சட்டை உரி." கழற்று என்று திருத்தப் போன வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தோம். சொல் போயே போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஸ்பீச் தெரபிஸ்ட், சென்னை:

ஆகும்மா, அடிக்கடி ஆகும். மற்ற பிள்ளைகள் ஒரு சொல்லை ஓரிரு முறை கேட்டதுமே அரைகுறையாகவாவது பிடித்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த முதல் பிடியே தளர்வு. 1994-இல் அமெரிக்காவில் கதை வீடியோ காட்டிச் செய்த ஓர் ஆய்வில், புதுச் சொல்லை 3 முறை கேட்டபோது இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் முன்னேற்றமே இல்லை. 10 முறை கேட்டபோதுதான் இருந்தது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டி 12, 24, 36, 48 முறை என்று ஒப்பிட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். 36 நல்ல அளவாகத் தெரிந்தது. ஆனால் பயிற்சியை நிறுத்தியதும் அங்கேயும் மறந்துதான் போனார்கள். அதனால் 36-ஐ மாத்திரைக் கணக்கு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய சொல்லை வாரம் ஒருமுறையாவது மறுபடி சமையலறைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. பொருள் தெரிந்தும் ஓசை நழுவும் பிள்ளைகள் உண்டு. என்னிடம் வந்த ஒரு பையன் கரண்டியைக் "கண்டரி" என்பான்; எடுத்துவரச் சொன்னால் சரியாக எடுத்து வருவான். அவனுக்கு க-ரண்-டி என்று கைதட்டிச் சொல்லித்தான் ஓசையைப் பதியவைத்தோம்.

அங்கன்வாடி டீச்சர், தென்காசி பக்கம்:

என் மையத்தில் ஒரு குட்டி. எல்லாமே அவளுக்கு "அது". பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன், தப்புதான். ஒரு மழை நாளில் குடையைக் காட்டி "மழைக்குப் பிடிக்கிறது" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கோ பொட்டில் அடித்த மாதிரி இருந்தது: குடை என்னவென்று அவளுக்குத் தெரியும், பெயர்தான் வரவில்லை. "ஆமாடா, மழைக்குப் பிடிக்கிற குடை" என்று அவள் சொன்னதோடு பெயரைச் சேர்த்துச் சொன்னேன். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பேசுகிறேன்.

அவள் பாட்டியோ, பேச்சு வரட்டும் என்று அவள் நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டோம், "பேர் சொல்லாதது" என்போம். பேர் சொல்ல வராத பிள்ளைக்குப் பேர் சொல்லாத மருந்து! பாட்டியை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, மையத்துக்கு வரும் சிறார் நலக் குழு டாக்டரிடம் காட்டி, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் அரசு மையமான மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைத்தோம். அங்கே செலவு இல்லை.

சிங்கப்பூர் அப்பா:

எங்களுக்கு வேறு கதை. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று மகளின் பள்ளியில் சொன்னார்கள், நாங்களும் ஏழு மாதம் நிறுத்தினோம். ஆங்கிலம் ஏறவில்லை, அப்பத்தாவோடு இருந்த பேச்சும் நின்றது. இரண்டு மொழி பேசுவதால் இந்தக் குறைபாடு வராது, கூடவும் செய்யாது என்று பிறகு பார்த்த தெரபிஸ்ட்தான் சொன்னார். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணச் சொன்னார். எண்ணினால், நாங்கள் பயந்த அளவுக்குக் குறைவில்லை. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் கடலை வேகவைத்தேன். நாலாவது கடலையில் "உரி" திரும்பி வந்தது. இந்த வாரச் சொல் "பிழி". எலுமிச்சம்பழத்தை விட்டால் வேறு எதைப் பிழிவது?

அங்கன்வாடி டீச்சர்:

என்ன இப்படிக் கேட்டுட்டீங்க அக்கா! துவைத்த துணி, தேங்காய்ப்பால், முறுக்கு. நாளைக்கே இடியாப்பம் போடுங்க.