வீட்டுக்கடனும் மகளும்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மதுரைக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட இருக்கிறோம். ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும்; எனக்கு அந்த அவசரம் இல்லை. கவலையெல்லாம் வீட்டுக்கடன்தான். இருவர் பெயரிலும் இருக்கிறது, இன்னும் 11 ஆண்டுத் தவணை பாக்கி. "வீட்டை நீயே வைத்துக்கொள், மகளுக்கு ஜீவனாம்சம் கேட்காதே" என்கிறார் கணவர். மகளுக்கு நான்கு வயது. அவளுக்குச் சேர வேண்டியதை நான் எப்படி விட்டுக்கொடுப்பது? அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னாளில் கேட்க வழி உண்டா? கடனிலிருந்து அவர் பெயரை நீக்க வங்கி என் சம்பளத்தை மட்டும் பார்க்குமா? (நகைகள் மாமியார் லாக்கரில்; அது தனிக் கதை.) வழக்கறிஞரோ எதைக் கேட்டாலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஒப்பந்தத்தில் எதை எழுத மறந்து அவதிப்பட்டீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.