கால்நடை டீலருக்குத் தமிழ்ச்சொல்: தரகர் வேறு, கைமுதல் வணிகர் வேறு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சட்டம் ஒன்றை மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர், அதில் வரும் ‘கால்நடை டீலர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். அந்த மடலுக்கு முகவர், கைமாற்றுநர், தரகர் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், வீட்டில் பேசுவது தமிழ். மாடு விற்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவோம், சில சமயம் குழல்மந்தத்துக்கும் வாணியங்குளத்துக்கும்.

முதலில், தரகர் ஏன் கூடாது என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சந்தையில் எங்கள் கறவை மாட்டை விற்றோம். துண்டுக்குள் அப்பாவின் விரலைப் பிடித்து விலை பேசியவரே மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார். பாதிப் பணம் கையில், மீதி அடுத்த சந்தைக்கு. அடுத்த சந்தையில் போய்க் கேட்டால், “நான் தரகு பார்த்தவன்தானுங்க, வாங்கினவரைக் கேளுங்க” என்றார். வாங்கினவர் யார் என்று காட்ட எங்களிடம் சுங்கச் சீட்டைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மீதி வரவே இல்லை. மாடு யார் கணக்கில் போனது என்பதுதான் அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்ட பதில். சட்டச்சொல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

கேட்டவர் மொழிபெயர்ப்பது அமெரிக்காவின் 1921ஆம் ஆண்டுக் கால்நடைச் சந்தைச் சட்டம் (Packers and Stockyards Act). அது இரண்டு பேரைப் பிரிக்கிறது. கமிஷனுக்கு வாங்கியோ விற்றோ கொடுப்பவர், சந்தைத் தொழுவில் சேவை தருபவர் ஒரு வகை. கமிஷன் இல்லாமல், சொந்தக் கணக்கிலோ வாங்குபவரின் அல்லது விற்பவரின் ஆளாகவோ கால்நடை வாங்கி விற்பவர் இன்னொரு வகை. இந்த இரண்டாமவர்தான் டீலர். இருவரும் பதிவு செய்ய வேண்டும், பிணையம் கட்ட வேண்டும். விற்பவர் முன்பே எழுத்தில் கடனுக்கு ஒப்புக்கொண்டால் ஒழிய, வாங்கிய கால்நடைக்கான பணத்தை அடுத்த வேலைநாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். இந்த விதி எங்கள் சந்தையில் இருந்திருந்தால், வெறும் வாய்ப்பேச்சில் ஒரு வாரக் கடன் நடந்திருக்காது. ஆகவே அங்கே தரகர் என்றால் முதல் வகை. டீலருக்கும் அதையே வைத்தால் சட்டம் பிரித்ததை நாம் சேர்த்துவிடுவோம்.

முகவர் இன்னொருவருக்காக நிற்பவர் மட்டும்தான், டீலர் என்பதில் அது பாதிதான். கைமாற்றுநர் என்றால் கைமாத்து நினைவுக்கு வரும். வட்டியில்லாமல் நாலு நாளுக்கு வாங்கும் பணம் அது. மாடு கைமாறுவதை அது சொல்லாது.

என் பரிந்துரை: பொதுச்சொல்லாக ‘கால்நடை வணிகர்’. அதற்குள் சொந்தக் கணக்கில் வாங்குபவரை ‘கைமுதல் வணிகர்’ என்று பிரித்துச் சொல்லலாம். சந்தையில் “அவர் கைமுதல் போட்டு வாங்குறவர்” என்றால் எல்லோருக்கும் விளங்கும். மலையாளத்திலும் கைமுதல் உண்டு, அதனால் எல்லையின் இரு பக்கமும் செல்லும். கடனுக்கு வாங்குபவரிடம் கைமுதல் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே முதல் என்பது நட்டமானால் யார் கை கடிக்கும் என்பதைக் குறிக்கிறது. கடன் வாங்கிப் போட்டாலும் அது அவருடைய முதல்தான்.

மொழிபெயர்க்கும்போது பதிவையும் உரிமத்தையும் ஒன்றாக்க வேண்டாம். அந்த 1921 சட்டம் கேட்பது பதிவு. தனியே உரிமம் கேட்கும் மாநிலங்களும் அங்கே உண்டு.

அப்புறம் ஸ்டாக்யார்டு, அதாவது விற்க வந்த கால்நடைகளை அடைத்து வைக்கும் இடம். ‘மாட்டுப்பட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டுக்குள் சரி. எங்கள் பக்கம் பட்டி என்றால் மலையாளம் பேசுபவருக்கு நாய். ‘கொண்டித்தொழு’வும் பொருந்தாது, அது பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம். ‘சந்தைத்தொழு’ போதும். தொழுத்து என்று மலையாளத்திலும் உண்டு.

இந்தச் சொற்கள் நம் நாட்டுக்கும் வேண்டியவை. 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளில், மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தை நடத்தக் கூடாது என்று இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் எல்லை அதைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்த விதிகளில் வெட்டுக்கு விற்பதைத் தடுத்த பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. சந்தையை எங்கே நடத்துவது என்பதில் அவ்வளவு கவனம் காட்டிய விதிகள், விற்ற விவசாயியின் பாக்கிக்கு யார் பொறுப்பு என்பதைத் தொடவில்லை. அப்படி ஒரு விதி தமிழில் எழுதப்படும்போது தரகரையும் வணிகரையும் குழப்பாத சொல் கையில் இருக்க வேண்டும்.

ஆந்திராவில் குப்பம், சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒன்று சொல்லுங்கள். தெலுங்கில் தரகரைத் தளாரி என்பார்கள். சொந்த முதலில் வாங்குபவருக்கு உங்கள் சந்தைகளில் வேறு சொல் புழங்குகிறதா? இருந்தால் எழுதுங்கள், அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து