புதுப்பிப்பு: வேலூர் வரலாற்று நடை எதுவரை வந்திருக்கிறது

கோட்டையோடு நின்றுவிடாமல் ஊருக்குள்ளும் சுற்றிக் காட்டும் ஒரு நடைப்பாதை அமைக்கலாமா என்று இதே இழையில் கேட்டிருந்தேன். ஒரு சிறு குழுவாக நடந்து பார்த்துவிட்டோம்.

பலர் சொன்னபடி கோட்டை வாசலில் தொடங்கவில்லை. மக்கான் அருகே உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணில் தொடங்கினோம். ஆங்கிலேயர் சிப்பாய்கள்மீது திணித்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, 1806 ஜூலை 10 விடியுமுன் வெடித்த துப்பாக்கிகள் என்று அங்கேயே சொல்லிவிட்டு அகழியைத் தாண்டினால், திப்பு குடும்பத்தார் சிறையிருந்த மகால்கள் வெறும் கட்டடங்களாகத் தெரிவதில்லை.

ஜலகண்டேசுவரர் கோயிலில் நாங்கள் பேசவே வேண்டியிருக்கவில்லை. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயிலுக்கு 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்ததைப் பூக்கார அக்கா ஒருவரே சொன்னார். இப்படிப்பட்டவர்கள்தான் வழிகாட்டிகளாக வேண்டும், அதற்குக் கூலியும் தர வேண்டும்.

கண்டியின் கடைசி மன்னர் அடங்கிய முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் தள்ளி இருக்கிறது, ஆட்டோதான் சரி. அப்புறம், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 1981 நினைவிருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து பதிவு செய்கிறோம்.